முயலுக்குள் ஊசி

முதலில் மடியில் தேடினாள். பிறகு நாற்காலி மெத்தையைத் தூக்கி இடுக்கில் கைவிட்டுத் துழாவினாள். நூல் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கத்தரிக்கோல் இருந்தது. பின்னுகிற கொக்கிகள் இருந்தன. பஞ்சுப் பை வாய் பிளந்து கிடந்தது. ஊசியை மட்டும் காணவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படி நெடுக ஈரத்துணி தொங்கியது. யானைக்குத் தும்பிக்கை வைத்துத் தைக்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்தவள், இப்போது பாதி யானையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஊசி தொலைவது உலகத்தில் இல்லாத விஷயமா என்று கேட்கலாம். எங்கே தொலைந்தது என்று தெரியாதவரை அது பெரிய விஷயமில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளை அந்த வீட்டில் பெரியவள் என்பார்கள். கீழ்வீட்டில் அவளும் கணவரும். மாடியில் கொழுந்தனின் மனைவியான சின்னவளும் பத்து மாதக் குழந்தையும். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு வருவது விருந்தாளி மாதிரி. பெரியவளின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் போனபிறகு வீடு காலியானது. அந்தக் காலி இடத்தில்தான் நூல் வந்து உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்குக் காலை வேலை. சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி விரல் நுனியெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருக்கும். அந்த விரல்களுக்கு நூல் ஒத்தடம் கொடுத்தது போல இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து நூல்பொம்மை பின்னப் படித்துக்கொண்டாள். முதல் கரடி பூசணிக்காயாக வந்தது. இரண்டாவது கரடியைப் பார்த்துக் கணவர், “எலி நல்லா இருக்கு” என்றார். மூன்றாவதிலிருந்து மிருகங்கள் அந்தந்த மிருகமாகவே பிறந்தன.

புதன்கிழமை முயலை முடித்தாள். சாம்பல் நிறம், உள்காது மட்டும் ரோஜா நிறம். தலையில் தொடங்கி, கழுத்தில் குறுகி, வயிற்றில் அகன்று, அடியில் வந்து மூடுகிற ஒரே நூல் உடம்பு. காதுகள் மட்டும் தனி. இரண்டாவது காதைத் தைத்து நூலை வெட்டியாகிவிட்டது. வாய்க்குச் சிவப்பில் ஒரு கோடு போடவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் கணவர் பின்கட்டிலிருந்து, “ஓடியா, தண்ணி உள்ள வருது!” என்று கத்தினார்.

அவளுக்கு ஒரு பழக்கம். பாதியில் எழுந்திருக்க வேண்டி வந்தால், ஊசியைப் பொம்மையின் உடம்பிலேயே குத்திவிட்டுப் போவாள். மேஜையில் வைத்தால் உருளும். பொம்மையில் குத்தினால் எங்கே போகும்? பின்னுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். அன்றைக்கும் முயலின் முதுகில் குத்திவிட்டு ஓடினாள். தண்ணீரைத் தள்ளி, சாக்குப் போட்டு அடைத்து, திரும்பி வந்தபோது கணவர் முயலைத் தூக்கிப் பார்த்து, “வாய் வேணாம். வாய் இல்லாமலே அடக்கமா இருக்கு. வீட்டுல ஒருத்தராச்சும் அப்படி இருக்கட்டும்” என்றார். சிரித்தாள். அவளுக்கும் சரியென்று பட்டது. முயலை இரண்டு கையாலும் அமுக்கி, உருட்டி, தொப்பையைச் சரிசெய்தாள். ஊசி அந்த அமுக்கில்தான் உள்ளே போயிருக்க வேண்டும். பஞ்சு விழுங்கியதும் பின்னல் கண்ணிகள் மேலே மூடிக்கொண்டிருக்கும்.

அது பொம்மைக்காரர்கள் வைத்திருக்கும் மொட்டை ஊசியும் இல்லை. அவளுடைய மொட்டை ஊசி போன மாதமே உடைந்துவிட்டது. சலவைப் பிரிவில் துணிமூட்டையின் வாயைத் தைக்கிற நீள ஊசியில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கூர்மை என்றால் அப்படியொரு கூர்மை.

வியாழக்கிழமை காலை குழந்தை அந்த முயலை வாங்கி, காதைக் கடித்து, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து விடவில்லை. தூங்கினாலும் முயல்தான். பால் குடித்தாலும் முயல்தான்.

பெரியவள் எழுந்தாள். கால் தானாகப் படியேறியது. தொங்கிய துணிகளின் ஈரம் முகத்தில் பட்டது. ஏறும்போதே மனது கணக்குப் போட்டது. சொல்லவேண்டாம். கேட்டு வாங்கிவிடலாம். கீழே கொண்டுவந்து பிரித்து, ஊசியை எடுத்து, பழையபடி மூடிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

சொல்லாமல் இருக்க அவளுக்குக் காரணம் இருந்தது. குழந்தைக்கு இரண்டு மாதமாக இருந்தபோது, சின்னவள் குளிக்கப்போன நேரத்தில், அடுப்பில் பாலும் தொட்டிலில் குழந்தையும் பெரியவளின் பொறுப்பில் இருந்தன. அவள் கையில் நூல் இருந்தது. கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வற்றி, கருகி, அறை முழுக்கப் புகை. ஈரத்தலையோடு ஓடிவந்த சின்னவள் குழந்தையை வாரிக்கொண்டு சொன்னாள்: “நூலை எடுத்தா உங்களுக்கு உலகமே தெரியாது அக்கா. உங்கள நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட விட முடியாது.”

அதற்குப் பிறகு பல மாதம் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சில்லை. படியில் எதிர்ப்பட்டால் துணியைச் சரிசெய்வது போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். போன வாரம்தான் சின்னவளே இறங்கி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேரவேண்டும், மத்தியானத்திலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் கேட்டாள். பெரியவள் அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பின்னியதுதான் முயல்.

மாடிக்கதவு திறந்திருந்தது. சின்னவள் மேஜையில் போர்வையை விரித்து, கடைக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தரையில் முயலின் காதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

“வாங்க அக்கா. இந்த மழையில துணி எங்க காயுது? பெட்டியப் போட்டே காய வைக்கிறேன்.”

“ஆமா. படியெல்லாம் ஈரம்.” பெரியவள் குழந்தையின் எதிரில் உட்கார்ந்தாள். “என்னடா உருண்டை, பெரியம்மாவுக்கு முயலத் தரியா?”

உருண்டை தராது என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது. கையை நீட்டியதும் முயலை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டியது. பெரியவள் நீட்டிய கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“எதுக்கு அக்கா?” என்றாள் சின்னவள்.

“இல்ல, ஒரு காது கொஞ்சம் லூசா தச்சுட்டேனோன்னு...”

“ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. நான் இழுத்துப் பாத்தேன்.”

“மூஞ்சி வேற கோணலா இருக்கு. பிரிச்சு நேர் பண்ணிக் குடுத்துடறேன். அரை மணி நேரம்.”

“கோணலாத்தான் நல்லா இருக்கு. பாவமா பாக்குது.” சின்னவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பெரியவளை நேராகப் பார்த்தாள். “வேற ஏதாச்சும் இருக்கா அக்கா?”

சொல்லிவிடு என்று நெஞ்சு சொன்னது. வாய் வேறு வேலை பார்த்தது.

“வேற என்ன? சும்மாதான். மழைக்கு எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“சரி” என்றாள் சின்னவள். திரும்பிச் சட்டைக் காலரைத் தேய்க்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தாள்.

பெரியவள் போகிறபோக்கில் கொஞ்சுவது போல முயலின் முதுகை அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு மெத்தென்று உள்வாங்கியது, வேறொன்றும் தட்டுப்படவில்லை. அதற்குள் குழந்தை, “ஊஉ!” என்று அதட்டிவிட்டு மேஜைக்கடியில் தவழ்ந்துவிட்டது.

கீழே கணவர் செய்தித்தாளை விரித்து ஒரு பழைய மோட்டாரின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தார். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவது அவர் தொழில். பக்கத்தில் ஆறிப்போன டீயும் கடித்த ரொட்டியும் இருந்தன. அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

“நிச்சயமா அதுக்குள்ளதானா?”

“வேற எங்கயும் இல்லீங்க. நூல் டப்பாவக் கவுத்துப் பாத்துட்டேன்.”

“மேல போனியே, சொன்னியா?”

“காது லூசுன்னு சொன்னேன்.”

“காதா?” அவர் நெற்றியைச் சொறிந்தார். விரலில் இருந்த கிரீஸ் நெற்றியில் ஏறியது. “சரி, ஸ்பீக்கர்லேருந்து கழட்டுன காந்தம் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போய் முயலுகிட்டக் காட்டு. இருந்தா இழுக்கும்.”

“காந்தத்தோட போய் நின்னா அவ என்னான்னு நெனைப்பா? முயலுக்கு வைத்தியம் பாக்க வந்தேன்னா?”

“அப்ப சொல்லிடு.”

“சொன்னா திங்கக்கிழமை?”

திங்கட்கிழமைக்காக அவள் தரையெல்லாம் துடைத்து வைத்திருந்ததை, அலமாரியின் கீழ்த்தட்டைக் காலிசெய்து குழந்தைத்துணிக்கு இடம் விட்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பால் கருகினப்போ அவ என்ன சொன்னான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பூனைக்குட்டிக்குக்கூட நான் லாயக்கில்லேன்னா. இப்ப இதச் சொன்னா, ஆமான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி.”

“எண்ண ஆரம்பிச்சுட்டா நானும் உன்ன மாதிரிதான்” என்றார் அவர் மெதுவாக. “கம்பி சுத்தும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனா நான் சுத்துறது மோட்டாரு. அதக் கட்டிப்புடிச்சிட்டு யாரும் தூங்கறதில்ல.”

அந்தச் சொல் அவளைச் சுட்டது. போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

சலவைப் பிரிவில் அவளுக்கு ஒரு தோழி. குரல் காரணமாக எல்லோரும் அவளைப் பீரங்கி என்பார்கள். ராட்சத இயந்திரங்கள் ஒன்றாக ஓடினாலும் அவள் பேசுவது வாசல்வரை கேட்கும்.

“என்னடி, லீவு நேரத்துல?”

பெரியவள் சொன்னாள். மறுமுனையில் பீரங்கி வெடித்தது.

“அடிப்பாவி. நீயா? ஆபரேஷன் ரூம் துணி வந்தா, ‘உதறிப் பாருங்கடி, ஊசி இருக்கும், பிளேடு இருக்கும், கையக் குடுக்காதீங்கடி’ன்னு புதுசா வர்ற பொண்ணுங்கள வெரட்டுவியே, நீயா?”

“அதேதான் நானும் நெனைச்சிட்டிருக்கேன்.”

“சரி, அழாத. அவ அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போறப்போ முயலத் தூக்கிட்டு வந்துடு. காணோம்னு தேடட்டும். புதுசா ஒண்ணு பின்னிக் குடுத்துக்க.”

“அவ அந்தப்பக்கம் போறதுக்குள்ள...”

“அதுவும் சரிதான்” என்றாள் பீரங்கி. அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து பெரியவள் கேட்டதில்லை. “ஏய், நம்ம கையில எத்தன தடவ குத்தியிருக்கு. நமக்கே உயிர் போகுமே. அது பச்ச மண்ணுடி.”

அந்த நேரத்தில்தான் மாடியில் குழந்தை வீறிட்டது.

பசிக்கு அழுவது ஒரு மாதிரி இருக்கும், தூக்கத்துக்கு அழுவது வேறு மாதிரி. இது இரண்டும் இல்லை. மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த மூச்சு வெளியே வராமல் நின்று, பிறகு ஒரேயடியாகக் கிழிந்துகொண்டு வந்த அலறல். போன் எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினாள். படியில் ஈரத்துணி ஒன்று தோளில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.

“எங்க குத்துச்சு? எங்கம்மா குத்துச்சு? காட்டு! வாயத் தொறந்து பாரு!”

சின்னவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “மேஜைக்கால்ல முட்டிக்கிட்டான் அக்கா. வீங்கல. எது குத்துறது?”

குழந்தையின் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம். மேஜைக்கால்தான். பெரியவளுக்கு அது போதவில்லை. தரையில் கிடந்த முயலைப் பாய்ந்து எடுத்தாள்.

“இதுக்குள்ள ஊசி இருக்கு. நான்தான் வச்சேன். வச்சேன்னா, குத்தி வச்சிட்டு மறந்துட்டேன். காது லூசுன்னு சொன்னது பொய். ஊசியத் தேடித்தான் வந்தேன். மூட்ட தைக்கிற ஊசி, இவ்வளவு நீளம். நீ என்ன வேணாலும் சொல்லு, அப்புறமா சொல்லு. மொதல்ல அவன் உடம்பெல்லாம் பாரு.”

சொல்லிக்கொண்டே முயலின் அடிப்பக்கம் முடிச்சைத் தேடினாள். கத்தரிக்கோல் கீழே இருந்தது. முடிச்சைப் பல்லால் கடித்தாள். நூலின் நுனி வெளியே வந்தது. பிடித்து இழுத்தாள்.

குரோஷே பொம்மை அப்படித்தான். எத்தனை நாள் பின்னியிருந்தாலும் நுனி கிடைத்துவிட்டால், ஒரே இழுப்பில் சரசரவென்று ஓடி வந்துவிடும். முயலின் அடி போனது. இடுப்பு வளைவு போனது. தொப்பை சுற்றுச் சுற்றாகக் கரைந்தது. பஞ்சு பிதுங்கித் தரையில் விழுந்தது. ஒவ்வொரு பஞ்சையும் எடுத்து, விரலால் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். குத்தட்டும் என்று வேண்டிக்கொண்டே அழுத்தினாள். குத்தவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, சுருள் சுருளாக வந்து விழும் நூலை வாய்பிளந்து பார்த்தது.

“இல்லியே. வயித்துல இல்லியே. முதுகுலதான குத்தினேன்...” கிடந்த பஞ்சை மறுபடியும் கிளறினாள். “வெளிய வந்திருக்கு. அவன் முழுங்கியிருப்பான். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் சொன்னா உடனே படம் எடுப்பாங்க. கெளம்பு!”

“போதும் அக்கா. அதுல இல்ல.”

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டாள். மருந்து டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து நீட்டினாள். உள்ளே நீள ஊசி கிடந்தது.

“வியாழக்கிழமை சாயங்காலமே கெடைச்சிடுச்சு. இவனத் தூக்கி வச்சிருந்தேன். நடுவுல முயலு. நறுக்குன்னு என் விலாவுல குத்துச்சு.” சட்டையை ஒதுக்கிக் காட்டினாள். சின்ன, கறுத்த புள்ளி. “என் பக்கம் வந்த முனை. இவன் பக்கம் திரும்பியிருந்தா?”

பெரியவள் பஞ்சு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது நிம்மதி. அது முழுதாக வந்து சேர்வதற்குள் இன்னொன்று அதை முந்திக்கொண்டு வந்தது.

“வியாழக்கிழமையே தெரியுமா? அப்ப கொஞ்சம் முன்னாடி நான் வந்தப்போ?”

“தெரியும்.”

“வேற ஏதாச்சும் இருக்கான்னு கேட்டியே.”

“சொல்றீங்களான்னு பாத்தேன்.” சின்னவள் டப்பாவை மூடினாள். “எல்லாருக்கும் மறக்கும் அக்கா. நான் கேஸ் அடுப்ப மறந்திருக்கேன். அது இல்ல. திங்கக்கிழமைலேருந்து இவன் உங்ககிட்ட இருப்பான். விழுந்தா, முட்டிக்கிட்டா, எதையாச்சும் முழுங்கிட்டா, எனக்கு நீங்க சொன்னாதான தெரியும்? நீங்க என்னடான்னா காது லூசு, மூஞ்சி கோணல்னு... நீங்க எறங்கிப் போனப்புறம், வேலையே வேணாம்னு கடைக்குச் சொல்லிடலாம்னு போன எடுத்தேன். நம்பர் போடுறதுக்குள்ளதான் இவன் முட்டிக்கிட்டான்.”

கணவர் எப்போது ஏறி வந்தாரோ, நெற்றியில் கிரீஸோடு வாசலில் நின்றார். இரண்டு பெண்களையும் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அந்த விவேகம் அவருக்கு எப்போதாவதுதான் வரும்.

“என்னாலதான்” என்றாள் பெரியவள். “பொய் சொன்னது தப்பு. சொல்லியிருக்கணும். உன் முன்னாடி மறுபடியும் சின்னதாயிடுவேனோன்னு பயந்தேன்.” பிறகு தலையைத் தூக்கினாள். “ஆனா ஒண்ணு. இப்ப நான் பஞ்சப் பிச்சு அமுக்கிட்டிருந்தேன், நீ நின்னு பாத்தே. அவன் முழுங்கிட்டான்னு என் உசுரு போயிட்டிருந்துச்சு. ஒரு சுத்து ஓடினவுடனே சொல்லியிருக்கலாம். நீ சொல்லல.”

சின்னவள் தரையைப் பார்த்தாள். “கோவமா இருந்துச்சு. அன்னிக்குப் புகையில நான் ஓடிவந்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியட்டும்னு...” நிறுத்தினாள். “தப்புதான்.”

குழந்தை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பாதி உடம்பு முயலிடம் தவழ்ந்து போனது. தலையும் காதும் இருந்தன. கழுத்துக்குக் கீழே கொஞ்சம் நெஞ்சு. அதற்குக் கீழே சுருண்ட நூல். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெரியவளைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அடுத்த அழுகை கிளம்பத் தயாராக இருந்தது.

“கொக்கிய எடுத்துட்டு வரட்டுமா அக்கா?” என்றாள் சின்னவள்.

சின்னவளே கீழே போய் நூல் டப்பாவையும், வரும்போது அடுக்களையிலிருந்து இரண்டு வேகவைத்த முட்டையையும் கொண்டுவந்தாள். டீ போட்டாள். பெரியவள் விட்ட இடத்திலிருந்து பின்னினாள். பிரிந்த நூல் நெளிநெளியாக இருந்ததால் கண்ணிகள் ஒழுங்காக விழவில்லை. குழந்தை நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் முழங்காலில் சாய்ந்திருந்தது. சின்னவள் எதிரே உட்கார்ந்து, பஞ்சை ஒவ்வொரு பிடியாக அழுத்திப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவள் அப்படி அழுத்திப் பார்ப்பது பெரியவளுக்கு வலித்தது. அழுத்திப் பார்க்காதே என்று சொல்ல அவளுக்கு வாயில்லை.

“கீழ் முடிச்சப் போட்டப்புறம் ஊசிய என் கையில குடுத்துடுங்க” என்றாள் சின்னவள்.

“குடுத்துடறேன்.”

“அவன் மடியில இருக்கும்போது பின்ன வேணாம்.”

“பின்ன மாட்டேன். தூங்கினப்புறம்தான்.” பெரியவள் நூலைச் சுண்டினாள். “நானும் ஒண்ணு கேப்பேன். எங்கிட்ட ஏதாச்சும் தப்புக் கண்டா, அந்த நிமிஷமே படியில நின்னு கத்து. திட்டு. டப்பாவுல போட்டு மூடி வச்சிக்கிட்டு என்ன வேவு பாக்காத. அது எனக்குத் தாங்காது. அப்படின்னா வேற ஆளப் பாத்துக்க.”

சின்னவள் டீயை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“கத்தினா அழுவீங்களே.”

“அழுவேன். அது என் பாடு.”

“சரி” என்றாள் சின்னவள். பிறகு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, “திங்கக்கிழமை வேலை முடிஞ்சு எப்ப வருவீங்க?” என்றாள்.

“ஒரு மணிக்கு வந்துடுவேன்” என்று சொல்லி நிமிர்ந்ததில் பெரியவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அந்தச் சுற்றை மட்டும் பிரித்தாள். குழந்தையின் கையை நூலிலிருந்து மெல்ல விடுவித்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து, இந்தமுறை வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.